கப் வாகனத்தின்ர முன்பக்கம் அடிக்கடி பழுதாகுதா? சத்தத்தையும் ரயரையும் வைச்சுப் பிடிக்கிற வழி

கோப்பாய்ப் பக்கம் சின்னக் கராஜ் ஒண்டு வைச்சிருக்கிறன். வாறதில கனக்க பிக்கப் தான், எங்கட ஆக்கள் கப் எண்டு சொல்லுறது, ஹைலக்ஸ், எல் 200, டி-மக்ஸ், நவாரா எண்டு எல்லாம் வரும். 2020 இல வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 இல திரும்ப விடுமட்டும் புதுசு எடுக்க வழியில்லாம எல்லாரும் பழசையே திருத்தித் திருத்தி ஓடினவை, அதில முன்பக்க வேலை எனக்கு ஓயவே இல்லை. ஆனா வந்த ஆக்களில கனபேர் ஏற்கனவே ரெண்டு மூண்டு தரம் அதே சாமானை மாத்திப்போட்டு வந்தவை. போனது என்னெண்டு பாத்திருக்கினம், ஏன் போனதெண்டு ஒருத்தரும் பாக்கேல்ல. அதுதான் இதை எழுதுறன். உங்கட வாகனத்தில என்ன குறி தெரியுதோ அந்தத் தலைப்புக்குப் போங்கோ, அதுக்குள்ள காசு குறைஞ்சதில இருந்து கூடினதுக்கு வரிசையா இருக்கு, நடுவில பாயாதேங்கோ.

தொடங்க முதல்

மட்டமான சீமெந்துத் தரை வேணும். பின் சில்லு ரெண்டுக்கும் முட்டுக் குடுங்கோ. ஜக்கில மட்டும் நிக்கிற வாகனத்துக்குக் கீழ தலையைக் குடுக்கக் கூடாது, இதை நான் எத்தினை தரம் சொன்னாலும் காணாது. ஸ்ராண்ட் இல்லாட்டி நல்ல கனமான பனங்குத்தி வையுங்கோ, சீமெந்துக் கல்லு வைக்காதேங்கோ, அது பாரத்தில வெடிச்சா ஒரு செக்கன்ல தூளாப் போம். ஒரு அலவாங்கு, ரோச் லைற், அளவு நாடா, சோக்குக் கட்டி, பிறகு ஸ்ரியரிங்கைப் பிடிச்சு ஆட்ட இன்னொரு ஆள். இவ்வளவும் போதும்.

குறி: கிடங்கில விழேக்க முன்னால டொக் டொக் எண்டு அடிக்குது

எல்லாரும் உடன போல் ஜொயின்ற் (சில்லைத் தாங்கிற கையின்ர நுனியில இருக்கிற உருண்டை மூட்டு) எண்டு சொல்லிப்போடுவினம். முதல் அதில கை வைக்காதேங்கோ.

முதல்ல லூசான சாமான் பாருங்கோ. சீற்றுக்குக் கீழ கிடக்கிற ஜக், பற்றிக் கிளாம்ப், எஞ்சினுக்குக் கீழ பூட்டியிருக்கிற தகடு, மட்காட் போல்ற், சில்லு நட். ஒரு அண்ணை ரெண்டு லோவர் ஆமும் (வாகனத்தின்ர அடிச்சட்டமான செசியில இருந்து சில்லைத் தாங்கிற கீழ்க் கை) புதுசு போட்டும் சத்தம் நிக்கேல்ல எண்டு வந்தவர், கீழ்த் தகட்டில ரெண்டு போல்ற் இல்லை, அவ்வளவுதான் விசயம்.

பிறகு ஸ்ரபிலைசர் லிங்க்கும் (முன்பக்கம் ரெண்டையும் இணைக்கிற குறுக்குப் பாரின்ர நுனியில பூட்டிற சின்னத் தண்டு) அதின்ர புஷ்சும் (மூட்டில வாற றப்பர்). சின்னக் கிடங்கு, தண்ணிக் குழாய் தாக்கக் கிண்டி மூடின இடம், இப்பிடி ஒரு சில்லு மட்டும் ஏறி இறங்கேக்க சத்தம் கூட வந்தா அனேகமா இதுதான். ரெண்டு பக்க லிங்க்கையும் கழட்டி, தொங்குற பாரைக் கம்பியால கட்டிப்போட்டு, அதே ஒழுங்கையில மெதுவா ஒருக்கா ஓடிப் பாருங்கோ, வேகமா ஓடவேண்டாம், வளைவில சரியும். சத்தம் நிண்டிட்டா கண்டுபிடிச்சாச்சு. இது மலிஞ்ச சாமான், நீங்களே மாத்தலாம்.

லிங்க் இல்லாட்டி துள்ளலை அடக்கிற சொக்கின்ர (சொக் அப்சோபர்) மேல் நட்டும் புஷ்சும். போனற்றைத் திறந்து மேல் நட்டில கையை வைச்சுக்கொண்டு மற்ற ஆளை முன்பக்கத்தை அமத்தி விடச் சொல்லுங்கோ, லூசெண்டா விரலுக்குத் தெரியும்.

அடுத்தது லோவர் ஆம் புஷ். அலவாங்கை ஆமுக்கும் செசிக்கும் நடுவில குடுத்து மெல்ல நெம்புங்கோ. றப்பர் கொஞ்சம் அசையிறது சரி, உள்குழாய் தனிய, றப்பர் தனிய அசைஞ்சா அது போயிட்டுது. பிறேக் அடிக்கேக்க ஒருக்காவும், விட்டு எடுக்கேக்க ஒருக்காவும் ‘டொக்’ எண்டு கேட்டாலும் இந்த புஷ்சில தான் முதல் சந்தேகம்.

கடைசியா போல் ஜொயின்ற். இதைப் பாக்கிற முறையில தான் கனபேர் பிழை விடுறவை. செசியில ஜக் குடுத்துத் தூக்கினா ஆம் கீழ தொங்கி, ஜொயின்ற்றில இழுவை நிண்டு, ஆட்டம் தெரியாமலே போயிடும். ஸ்பிறிங்கோ ரோஷன் பாரோ (ஸ்பிறிங்குக்குப் பதிலா முறுகி வேலை செய்யிற நீளக் கம்பி) லோவர் ஆமில நிக்கிற வாகனத்துக்கு, அதாவது எங்கட ஊரில ஓடுற முக்கால்வாசிக் கப்புக்கு, ஜக்கை லோவர் ஆமுக்குக் கீழயே போல் ஜொயின்ற்றுக்குக் கிட்டக் குடுத்து சில்லு நிலத்தை விட்டு ஒரு அங்குலம் எழும்பினாப் போதும். பிறகு அலவாங்கைச் சில்லுக்குக் கீழ வைச்சு மேல நெம்பிக்கொண்டு ஜொயின்ற்றில கண்ணை வைச்சிருங்கோ. அடுத்து சில்லின்ர மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்கோ. ஆட்டம் இருந்தா மற்ற ஆளைப் பிறேக்கை அமத்திப் பிடிக்கச் சொல்லிப்போட்டுத் திரும்ப ஆட்டுங்கோ. பிறேக் பிடிச்சோடன ஆட்டம் நிண்டா அது பெயாரிங், பிறேக் பிடிச்சும் நிக்காட்டி போல் ஜொயின்ற். இந்த ஒரு சோதனை தெரியாம பெயாரிங்குக்கு ஜொயின்ற்றும் ஜொயின்ற்றுக்குப் பெயாரிங்கும் மாத்தின ஆக்கள் எத்தினை பேர்.

கராஜுக்குப் போகவேண்டிய இடம்: லோவர் போல் ஜொயின்ற்றில கண்ணுக்குத் தெரியிற ஆட்டம் இருந்தா வீட்டில கழட்டாதேங்கோ. கொயில் ஸ்பிறிங், ரோஷன் பார் ரெண்டிலயும் அடங்கியிருக்கிற விசை ஆளை முடிக்கும்.

குறி: ரயர் ஒரு பக்கமாத் தேயுது

ரயரைக் கையால தடவிப் பாருங்கோ, கண்ணை விட விரல் கெட்டித்தனம்.

ரெண்டு ஓரமும் தேஞ்சு நடு இருந்தா காத்துக் குறைவு. நடு மட்டும் தேஞ்சா காத்துக் கூட. எவ்வளவு அடிக்கிறதெண்டு றைவர் பக்கக் கதவுத் தூணில ஸ்ரிக்கர் இருக்கு, காத்து அடிக்கிற பெடியனிட்டக் கேக்காம அதைப் பாருங்கோ.

உள்ளுக்கிருந்து வெளிய தடவேக்க வழுவழுப்பா, திரும்பத் தடவேக்க அரம் மாதிரிக் கீறினா சில்லு ரெண்டும் ஒண்டையொண்டு பாக்கிற கோணம் பிழை, எலைன்மன்ற் வேலை. ஆனா எலைன்மன்ற்றுக்குக் குடுக்க முதல் ஸ்ரியரிங்கில இருந்து சில்லைத் திருப்பிற தண்டின்ர நுனி மூட்டுகளான ரை றொட் எண்ட் (சில்லுப் பக்கம்), றக் எண்ட் (உள்பக்கம்) ரெண்டையும் பாருங்கோ, ஆடுற சாமானை வைச்சுக்கொண்டு எலைன்மன்ற் அடிச்சா மிசின் சரியெண்டு காட்டும், கேற்றுக்கு வெளிய வந்தோடன திரும்பப் பிழைக்கும்.

உள் ஓரம் மட்டும் மொட்டையாப் போனா சில்லு சரிஞ்சு நிக்குது. காரணம் வரிசையா: பதிஞ்ச ஸ்பிறிங், தேஞ்ச லோவர் ஆம் புஷ், போல் ஜொயின்ற், கடைசியா வளைஞ்ச ஆம். சில்லு நடுவில இருந்து மட்காட் விளிம்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்து எழுதுங்கோ, ஒரு பக்கம் குறைவெண்டா ஸ்பிறிங்கில இருந்து தொடங்குங்கோ.

திட்டுத் திட்டாக் கிண்ணம் மாதிரிக் குழி விழுந்தா சொக் அல்லது வீல் பலன்ஸ்.

ஹைலக்ஸ் விகோ மாதிரி வாகனத்தில லோவர் ஆமைச் செசியோட பிடிக்கிற போல்ற் தான் கோணத்தையும் மாத்திற கம் போல்ற். எங்கட உப்புக் காத்துக்கு அது புஷ்சின்ர உள்குழாயோட துருவில ஒட்டிப்போம். எலைன்மன்ற் பெடியன் ‘இது அசையாது அண்ணை’ எண்டு சொல்லிப்போட்டு முன்னுக்கு ரை றொட்டை மட்டும் திருப்பித் தருவான், ரயர் திரும்பத் தேயும். அது ஒட்டியிருந்தா வெட்டித்தான் எடுக்கவேணும், புது போல்ற்றும் புது புஷ்சும் வேணும், இது நல்ல கராஜ் வேலை. புதுசு பூட்டேக்க போல்ற் தண்டில கிறீஸ் பூசச் சொல்லிக் கேளுங்கோ. அடுத்த தரம் கழட்டிற ஆள் உங்களுக்கு நன்றி சொல்லுவார்.

குறி: நேர் றோட்டில ஒரு பக்கம் இழுக்குது

எங்கட றோட்டு தண்ணி வடிய இடப்பக்கம் சரிவாத்தான் இருக்கும், நாங்கள் ஓடுறதும் இடப்பக்கம், ஆனபடியால் லேசா இடப்பக்கம் போறதை வியாதியாப் பாக்காதேங்கோ. ஏ9 இல ஆளில்லாத நேர் துண்டில சோதியுங்கோ.

காத்தை அளந்தாச்செண்டா முன் ரயர் ரெண்டையும் இடம் வலம் மாத்திப் பூட்டுங்கோ, ஒரு பக்கம் மட்டும் உருள வேண்டிய அம்புக்குறி போட்ட ரயரா இருந்தா வேண்டாம். இழுவை மற்றப் பக்கம் மாறினா குற்றம் ரயரில. மாறாட்டி ஒரு பத்து கிலோமீற்றர் ஓடிப்போட்டு, கடைசியில பிறேக்கைக் கனக்க அடிக்காம நிப்பாட்டி, முன் சில்லு ரெண்டுக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோங்கோ, தொடவேண்டாம். ஒண்டு கூடச் சுட்டா பிறேக் கலிப்பர் (டிஸ்க்கை அமத்திப் பிடிக்கிற சாமான்) இறுகியிருக்கு, இதுவும் உப்பு செய்யிற வேலைதான். ரெண்டும் சரியெண்டா எலைன்மன்ற், அதுக்கும் நிக்காட்டி ஆம் அல்லது செசி வளைஞ்சிருக்கு, முன்னம் எங்கயும் மதகில ஏத்தினதோ எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

குறி: ஸ்ரியரிங் நடுங்குது, இல்லாட்டி சும்மா ஆடுது

70, 80 இல மட்டும் நடுங்கினா வீல் பலன்ஸ். சில்லின்ர உள்பக்கம் செம்மண் ஒட்டிக் காஞ்சிருந்தாலும் இப்பிடித்தான் நடுங்கும், மாரி காலத்தில உரும்பிராய், சுன்னாகம் தோட்டங்களுக்குள்ள போட்டு வாற வாகனமெண்டா முதல் சுரண்டிக் கழுவுங்கோ, காசில்லாத வேலை. பிறேக் அடிக்கேக்க மட்டும் நடுங்கினா டிஸ்க்.

ஸ்ரியரிங்கைத் திருப்பியும் வாகனம் உடன கேக்காட்டி: எஞ்சினை ஸ்ராட் பண்ணி, சில்லு நிலத்தில நேரா நிக்க, மற்ற ஆள் ஸ்ரியரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமா ஆட்டட்டும். நீங்கள் பக்கத்தால குனிஞ்சு ஒவ்வொரு மூட்டாப் பாருங்கோ, எது முதல் அசையுது, எது பிந்தி அசையுது எண்டு. ரை றொட் எண்ட் கண்ணுக்குத் தெரியும். றக் எண்ட் றப்பர் உறைக்குள்ள இருக்கு, உறையை அமத்திப் பிடிச்சா ‘டக் டக்’ எண்டு உள்ளங்கையில குத்தும். உறை கிழிஞ்சிருந்தா உள்ள மண் போயிருக்கும், றக் எண்ட் நல்லா இருந்தாலும் உறையை அண்டைக்கே மாத்துங்கோ. பழைய பொக்ஸ் ஸ்ரியரிங் வாகனத்தில ஐட்லர் ஆம் எண்டு மற்றப் பக்கத்தில ஒண்டு இருக்கு, அதை ஒருத்தரும் பாக்கிறேல்ல, அதையும் பாருங்கோ.

ஓட ஓட ‘உம்ம்’ எண்டு வேகத்தோட கூடுற சத்தம் பெயாரிங். இடப்பக்கம் வளைக்கேக்க கூடினா வலது, வலப்பக்கம் வளைக்கேக்க கூடினா இடது. முழுக்க வளைச்சு எடுக்கேக்க ‘டிக் டிக் டிக்’ எண்டா அது சஸ்பென்சனே இல்லை, ஃபோர் வீல் வாகனத்தின்ர முன் அக்சில் மூட்டு, உறை கிழிஞ்சு கிறீஸ் எறிஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ.

றக்கே ஆடுது, இல்லாட்டி அதில ஓயில் ஒழுகுதெண்டா நீங்கள் செய்ய ஒண்டுமில்லை, கராஜ்.

குறி: முன்பக்கம் துள்ளுது, பதியுது

அமத்தி விட்டுப் பாக்கிற சோதனை காருக்குச் சரி, கப்பின்ர ஸ்பிறிங் விறைப்பு, பெருசா ஒண்டும் தெரியாது. நான் செய்யிறது வேற. கிடங்கு றோட்டில ஒரு கால் மணித்தியாலம் ஓடிப்போட்டு உடன சொக் ரெண்டையும் தொட்டுப் பாப்பன், வேலை செய்யிற சொக் சூடேறும், பழுதான சொக் ஆறிப்போய் இருக்கும். உடம்பில மெல்லிய ஈரப்புழுதி ஒட்டியிருந்தாப் பறவாயில்லை, ஓயில் வழிஞ்சா மாத்தவேணும், மாத்தினா சோடியாத்தான். தனிய ஒண்டு மாத்தினா புதுசு பழசின்ர வேலையையும் சேத்துச் செய்யும், பிறகு அதுவும் போம்.

குறி: கிறீச் கிறீச்

புஷ்சில தண்ணி தெளிச்சுப் பாருங்கோ, கொஞ்ச நேரம் சத்தம் நிண்டா அந்த புஷ்தான். ஓயில், டீசல் அடிக்காதேங்கோ, றப்பர் ஊறிப் பழுதாகும். மாரிக்கு முதல் துருவுக்கெண்டு கீழால பழைய ஓயில் அடிக்கிற பழக்கம் எங்கட ஊரில இருக்கு, செசியில வேணுமெண்டா அடியுங்கோ, றப்பரை மூடிப்போட்டு.

குறி: மாத்தின சாமான் ஆறு மாசத்தில திரும்பப் போகுது

இதுக்குத்தான் நான் முக்கியமா எழுத வந்தனான்.

மயிலிட்டியில மீன் ஏத்திற ஒரு ஐயா வந்தவர், ‘தம்பி, இது ஒரு வருசத்தில நாலாவது புஷ், சாமான் கள்ளச் சாமான் போல’ எண்டார். கழட்டி மேசையில வைச்சுப் பாத்தம். றப்பர் நல்ல கறுப்பு, வெடிப்பு இல்லை, விரலால அமத்த மெதுவா இருந்தது. ஆனா உள்குழாயைச் சுத்தி அரைவட்டமா, கத்தியால கீறின மாதிரிக் கிழிஞ்சிருந்தது. நாலு புஷ்சும் ஒரே மாதிரி, ஒரே பக்கம். சாமானில குற்றமில்லை. பூட்டின ஆள் வாகனம் ஜக்கில தூக்கி நிக்க, ஆம் கீழ தொங்க, அப்பிடியே போல்ற்றை இறுக்கியிருக்கிறார். சில்லை நிலத்தில விட்டோடன ஆம் மேல வரும், உள்குழாய் இறுகிப்போய் நிக்கும், நடுவில இருக்கிற றப்பர் முறுகும். நிக்கேக்கயே முறுகின றப்பர் கிடங்கில விழேக்க இன்னும் முறுகிக் கிழியும். போல்ற்றைக் கையிறுக்கமா விட்டு, சில்லைப் பூட்டி நிலத்தில இறக்கி, முன்னும் பின்னும் ரெண்டு தரம் உருட்டி, அதுக்குப் பிறகு தான் கடைசி இறுக்கு. ஒரு கால் மணித்தியாலம் கூடப் பிடிக்கும். கராஜில நிண்டு உங்கட கண்ணால பாருங்கோ, கேக்க வெக்கப்படாதேங்கோ, காசு உங்கட.

அவரின்ர வாகனத்திலயே இன்னொண்டும் கண்டனான். ரை றொட் எண்ட் நட் கழராமப் பிடிக்கிற ஸ்பிளிற் பின் இருக்கவேண்டிய ஓட்டையில ஒரு அங்குல ஆணியை மடிச்சுப் போட்டிருந்தது. அதின்ர தலை துருப்பிடிச்சு முக்கால்வாசி தேஞ்சிட்டுது. அது விழுந்து நட்டும் கழண்டா முன் சில்லு தன்ர பாட்டுக்குத் திரும்பும். ஸ்பிளிற் பின் புதுசாத்தான் போடவேணும், ஒவ்வொரு தரமும். ஓட்டை நேர் வராட்டி நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்கவேணும், பின்னுக்குத் தளத்தி நேராக்கக் கூடாது.

மற்றக் காரணங்கள்:

புது ஜொயின்ற்றைச் சுத்தியலால நேர அடிச்சு ஏத்திறது. உறை கிழிஞ்சா அண்டைக்கே அதின்ர ஆயுசு எண்ணத் தொடங்கலாம். பூட்டி முடிஞ்சோடன ரோச் அடிச்சு உறையைச் சுத்திப் பாருங்கோ.

சாமானின்ர தரம். கடையில வாங்கேக்க பெட்டியைப் பாக்காதேங்கோ, பெட்டி ஆரும் அடிக்கலாம். ஜொயின்ற்றின்ர தண்டை விரலால சாய்ச்சுப் பாருங்கோ, புதுசு இறுக்கமா ஒரே சீரா அசையவேணும், தொளதொளவெண்டு விழுந்தா வைச்சிட்டு வாங்கோ. கொழும்பு பஞ்சிகாவத்தையில இருந்து பழைய ஆம் எடுக்கிறது பிழையில்லை, இரும்பு வளையாம வெடிக்காம இருந்தாப் போதும், ஆனா அதில வாற பழைய புஷ்சையும் ஜொயின்ற்றையும் நம்பிப் பூட்டாதேங்கோ.

முன்பக்கத்தை உயர்த்திறது. ரோஷன் பார் வாகனத்தில போல்ற்றைத் திருகினா முன்பக்கம் எழும்பும், வடிவாத்தான் இருக்கும், பெடியளுக்கு விருப்பம். ஆனா ஆம் எப்பவும் கீழ தொங்கின மாதிரி நிக்கும், சின்னக் கிடங்குக்கே தட்டும், போல் ஜொயின்ற்றும் அக்சில் மூட்டும் சரிவில நிண்டு வேலை செய்து சீக்கிரம் போம். பெரிய ரயர், வெளிய தள்ளின றிம், ஸ்பேசர் எல்லாம் பெயாரிங்குக்கும் ஜொயின்ற்றுக்கும் கூடுதல் பாரம்.

பாரம். இந்த வாகனங்கள் பொதுவா ஒரு தொன் மட்டில ஏத்தத்தான் செய்தது, 50 கிலோ சீமெந்துப் பாக்கெண்டா 20, டபிள் கப் அனேகமா அதிலயும் குறைவு. முப்பது நாப்பது ஏத்தினா பின்பக்கம் தானே பதியும், முன்பக்கத்துக்கென்ன எண்டு கேப்பினம். பின் பதிய முன் எழும்பும், சில்லின்ர கோணம் எல்லாம் மாறும், பிறகு பிறேக் அடிக்கேக்க அவ்வளவு பாரமும் முன்னுக்கு வந்து குத்தும்.

கடைசியா உப்பு. கரைவலை மீன் ஏத்தக் கடற்கரை மணலுக்குள்ள இறங்கிற வாகனம், பண்ணைப் பாலத்தால தீவுக்குப் போட்டு வாற வாகனம், ஆனையிறவால நெடுக ஓடுறது, இதுகளுக்குக் கீழ்ப்பக்கக் கழுவல் கட்டாயம். ஆனா எந்தத் தண்ணி எண்டும் பாருங்கோ. தீவுப்பக்கம் ஒருத்தர் ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒழுங்கா வாகனம் கழுவிறவர், அவற்ற வாகனம் தான் கூடத் துரு. கிணறு உவர். ஒவ்வொரு நாளும் உப்பைத்தான் பூசியிருக்கிறார் பாவம். நல்ல தண்ணிக் கிணறு இருக்கிற இடத்தில கிழமைக்கு ஒருக்கா ஆறுதலாக் கழுவினாலே போதும்.

கிறீஸ் நிப்பிள் (கிறீஸ் அடிக்கிற வாய்) இருக்கிற பழைய ஜொயின்ற்றெண்டா ஒவ்வொரு சேர்விசுக்கும் கிறீஸ், உறை லேசா ஊதுமட்டும், வெடிக்குமட்டும் இல்லை.

குறி: இதில ஒண்டு கண்டா வாகனத்தை அதிலயே நிப்பாட்டுங்கோ

லோவர் போல் ஜொயின்ற் உறை கிழிஞ்சு அலவாங்குக்கு ஏறி இறங்குது. ரை றொட் நட்டில ஸ்பிளிற் பின் இல்லை, நட் மரை ஏறி வந்திருக்கு. ஆமிலயோ செசியில ஆம் பூட்டிற காதிலயோ வெடிப்பு, துரு வரிசையா ஒரு மயிர்க்கோடு மாதிரித் தெரியும், வயர் பிறஷ்ஷால தேச்சுப் பாருங்கோ. சில்லு ஆட்டி எடுக்கேக்க நறநறவெண்டுது. ஸ்ரியரிங் நேரா இருக்க ஒரு சில்லு மட்டும் வேற பக்கம் பாக்குது.

‘கராஜ் கிட்டத்தான், மெதுவா உருட்டிக்கொண்டு போவம்’ எண்டு நினைக்கவேண்டாம். லோவர் போல் ஜொயின்ற் கழண்டா சில்லு மட்காட்டுக்குள்ள மடிஞ்சு விழும், அது மெதுவாப் போகேக்கயும், ஸ்ரியரிங்கை வளைக்கேக்கயும் தான் கனக்க நடக்கிறது. கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம், முன் சில்லு நிலத்தில உருளக் கூடாது. முழுசா லொறியில ஏத்தி அனுப்புங்கோ, ஏத்த முதல் எந்தப் பக்கம், எந்த மூட்டு எண்டு சோக்கால வாகனத்திலயே பெருசா எழுதிவிடுங்கோ.